பூச்சிகள் கூறும் நலச் செய்தி

ஆலயத்து வில்வச் செடியைப் புழு தின்கிறதே, மருந்து அடிக்கக்கூடாதா என்று பக்தர்கள் சிலர் கேட்பதுண்டு. பள்ளியில் அறிவியல் கற்பித்தவன் என்பதால், செயற்குழுவில் இக்கேள்வி பெரும்பாலும் என்னிடமே வந்து சேரும். அதற்குரிய விடையைச் சற்று விரிவாகவே இம்மலரில் எழுதுகிறேன்.

அந்தியில் ஈசல் புறப்பட்டால் அடைமழை என்றும், எறும்பு முட்டையைச் சுமந்து மேடேறினால் மழை நெருங்கிவிட்டது என்றும் நம் முன்னோர் கூறுவர். அவர்கள் பூச்சிகளைக் கொண்டு வானிலையை அறிந்தார்கள். இன்றைய அறிவியலறிஞர்கள் நீரின் நலத்தையும் நிலத்தின் நலத்தையும் பூச்சிகளைக் கொண்டே அளக்கிறார்கள்.

முதலில் நீர். ஓடை நீரை ஒரு குப்பியில் எடுத்துச் சோதித்தால், அந்த வேளையில் அது எப்படி இருந்தது என்பது மட்டுமே தெரியும். முன்தினம் கொட்டிய கழிவு அதற்குள் ஓடிப்போயிருக்கும். ஆனால் நீரடியில் வளரும் இளம்பூச்சிகள் வாரக்கணக்கில் அங்கேயே இருப்பவை. நடந்தவற்றுக்கெல்லாம் அவையே சாட்சி. 'மேஃபிளை' எனப்படும் சிறு பூச்சியின் இளம்பருவம் பொதுவாக மாசைத் தாங்காது. ஒருவகைச் சிற்றீயின் சிவப்புப் புழுவோ, உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால், பிராணவாயு குறைந்த சேற்றிலும் பிழைத்துக்கொள்ளும். முன்னது மறைந்து பின்னது மட்டும் பெருகினால், நீர் கெட்டுவிட்டது என்று பொருள். இந்த அடிப்படையில், சிங்கப்பூரின் ஓடைகளுக்கும் கால்வாய்களுக்கும் என்றே 'சிங்ஸ்கோர்' என்னும் மதிப்பெண் முறை 2014இல் வெளியிடப்பட்டது. நீரில் வாழும் சிற்றுயிர்களைப் பார்த்து ஓடைக்கு மதிப்பெண் வழங்கும் தேர்ச்சி அறிக்கை அது.

நீர்நிலையைத் திருத்தினால் பூச்சிகள் திரும்பி வரும் என்பதற்குச் சான்று நம் ஊரிலேயே உள்ளது. பீஷான் – அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நீளக் கான்கிரீட் கால்வாயாக இருந்த காலாங் ஆறு, 2012இல் 3.2 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்தோடும் இயற்கை ஆறாக மாற்றப்பட்டது. கரையில் செடி வளர்ந்தது. தும்பிகள் முட்டையிட இடம் கிடைத்தது. இருபதுக்கும் மேற்பட்ட தும்பி வகைகள் அங்கே பதிவாகியுள்ளன.

அடுத்து நிலம். வண்ணத்துப்பூச்சி எந்தச் செடியிலும் முட்டையிடுவதில்லை. ஒவ்வொரு வகைக்கும் உரிய செடிகள் சிலவே. வில்வத்திலும் எலுமிச்சையிலும் காணும் புழு பெரும்பாலும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. தேக்காவில் கன்று வாங்கி வீட்டுத் தாழ்வாரத்தில் வளர்க்கும் கறிவேப்பிலையிலும் இத்தகைய விருந்தாளிகள் வருவதுண்டு. 2015இல் பொதுமக்கள் வாக்களித்துச் சிங்கப்பூரின் தேசிய வண்ணத்துப்பூச்சியாகத் தேர்ந்தெடுத்த 'காமன் ரோஸ்', ஈஸ்வரமூலிக் குடும்பத்துக் கொடிகளையே நம்பி வாழ்கிறது. கொடி போனால் வண்ணத்துப்பூச்சியும் போய்விடும்.

அப்படிப் போனவை பல. 183 ஆண்டுகளில் சிங்கப்பூர் தன் காடுகளில் நூற்றுக்கு 95க்கும் மேலானதை இழந்தது என்றும், பேரிழப்புக்கு உள்ளான உயிரினங்களுள் வண்ணத்துப்பூச்சிகளும் அடங்கும் என்றும் 2003இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. உலக நகரங்களின் உயிரின வளத்தை அளக்கச் சிங்கப்பூர் 2008இல் முன்மொழிந்த குறியீடும், தாவரங்கள், பறவைகளோடு வண்ணத்துப்பூச்சிகளையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆகவே வில்வத்தில் புழுவைக் கண்டால், நம் ஆலயத்துக்கும் ஒரு நற்சான்றிதழ் கிடைத்தது எனக் கொள்ளலாம். நன்கு வேரூன்றிய செடி மீண்டும் தழைக்கும். பூசைக்குத் தழை போதாதோ என்று அஞ்சுவோர் இன்னொரு செடி நடலாம்.

பூச்சிகள் எல்லாமே நற்செய்தி கூறுவன அல்ல. டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய தெளிந்த நீரில் பெருகும். அது நம் கவனக்குறைவைக் காட்டும் அடையாளம். பூச்சாடியிலும் தொட்டியின் அடித்தட்டிலும் நிற்கும் நீரை அன்றாடம் கொட்டிவிடுவதே அதற்கு மருந்து. கண்டபடி நஞ்சைத் தெளித்தால், கொசுவைத் தின்னும் தும்பியும் உடன் மடியும். செடிகளைக் காணிக்கையாக வழங்க விரும்பும் அன்பர்கள் வில்வமும் எலுமிச்சையும் வழங்குவார்களாயின், இறைவனுக்கு இலையும் கனியும், சிற்றுயிருக்கு உணவும் ஒருங்கே கிடைக்கும்.