முட்டை தடைப்பட்ட கோழிக்கு

நாள் தவறாமல் முட்டையிட்டு வந்த பெட்டைக்கோழி, திடீரென்று வாலைத் தாழ்த்தி, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, முட்டையிடும் கூடைக்குப் போவதும் ஒன்றும் இடாமல் திரும்புவதுமாய் முக்கிக்கொண்டிருக்குமானால், முட்டை உள்ளே தடைப்பட்டதென்று அனுமானித்து, அன்றைக்கே சிகிச்சையைத் தொடங்குவது உசிதம். அகன்ற பாத்திரத்தில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வார்த்து, அடிவயிறும் எச்சத்துவாரமும் நனையும்படி 15 முதல் 20 நிமிஷம் வரை கோழியை அதில் அமர்த்தி, பின்பு ஈரம் போகத் துடைத்து, துவாரத்தின் ஓரத்தில் தேங்காயெண்ணெய் தடவி, வைக்கோல் பரப்பிய இருட்டான இடத்தில் தனியே விட்டுவைத்தால், சில மணி நேரத்தில் முட்டை வெளிப்படுவதுண்டு. கைராசிக்காரர்கள் என்று பேர் வாங்கிய சிலர், வயிற்றைப் பிசைந்தோ முட்டையை உள்ளேயே உடைத்தோ எடுக்க முற்படுவது மகா அபாயம். ஓட்டுச் சில்லு கருக்குழாயைக் கிழித்துச் சீழ் வைக்கச் செய்துவிடும். ஒரு நாள் கழிந்தும் குணமில்லையேல் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். துவாரத்தில் சிவந்த சதை பிதுங்கித் தோன்றினாலோ, மற்றக் கோழிகள் அதைக் கொத்திக் குடலையே உருவிவிடுமாதலால், க்ஷணமும் தாமதியாமல் பிரித்து வைத்துவிட்டு வைத்தியரை நாடுக.

இந்த உபத்திரவத்துக்கு முட்டையின் பருமன், கோழியின் கொழுப்பு, முதுமை எனப் பல காரணங்கள் உண்டெனினும், பிரதானமானது சுண்ணாம்புச் சத்தின் குறைவே. ஒரு முட்டையோட்டுக்கு ஏறத்தாழ 2 கிராம் அச்சத்து செலவாகிறபடியால், தவிட்டையும் நொய்யையும் மட்டும் தின்னும் கோழி நாளடைவில் தன் எலும்பையே கரைத்துக் கொடுக்கிறது. கிளிஞ்சலை இடித்து, தீவனத்தோடு கலக்காமல், தனிச் சட்டியில் வைத்தால், முட்டையிடும் கோழி தனக்கு வேண்டிய மட்டும் கொத்திக்கொள்ளும். சேவலுக்கும் வளரும் குஞ்சுக்கும் அவ்வளவு தேவையில்லை.