முதல் ஸ்கோப் வாங்கப்போகும் பிள்ளைக்கு

புரட்டாதி பிறந்தால் சிலாபக் களப்பில் வலசைப் பறவைகள் இறங்கிவிடும். அதற்குள் தூரத்துப் பறவையைக் கிட்டக் காட்டும் ஸ்கோப் ஒன்று வாங்கிவிட வேண்டும் என்கிறாய், பிள்ளை. காசு கொஞ்சமாக இருந்தாலும் பரவாயில்லை. அதை எதில் போடுவது என்று தெரிந்தால் போதும்.

1. முதலில் நல்ல பைனாகுலர் ஒன்று இருக்கட்டும். 2001இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த ஆனைவிழுந்தான் குளங்களில், குளக்கட்டில் நின்றபடியே நீளவால் இலைக்கோழியையும் நத்தைகொத்தி நாரையையும் அதில் பார்க்கலாம். ஸ்கோப் தூரத்துச் சேற்றுத்திடலுக்குத்தான்.

2. பெரிய எண்ணுக்கு மயங்காதே. முன்வில்லை 60 மில்லிமீற்றர் அகலமுள்ள ஸ்கோப்பை 20 மடங்கில் வைத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 3 மில்லிமீற்றர். 60 மடங்கில் 1 மில்லிமீற்றர்தான். படம் மங்கிவிடும். வெயில் ஏறிய பிறகு கானல் வேறு அதைக் குலைக்கும். ஆசை பெருத்தால் ஒளி சிறுக்கும். விடியலில் போ, 30 மடங்குக்குள் பார்க்கப் பழகு.

3. கண் வைக்கும் பக்கத்து வில்லையான ஐபீஸை, பார்த்தே வாங்கு. மடங்கு மாறாத, அகலப் பார்வை தரும் ஐபீஸில் பறவை சட்டென்று அகப்படும். சூம் என்றால் குறைந்த மடங்கில் தேடிப் பிடித்து, பிறகு கூட்டு. கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கண்ணுக்கும் வில்லைக்கும் இடையே 15 மில்லிமீற்றராவது வேண்டும். அதைக் கேளாமல் வாங்கிய ஒரு தம்பிக்குக் கடைசிவரை பாதிப் படம்தான் தெரிந்தது.

4. ட்ரைபொட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். தெதுரு ஓயா முகத்துவாரத்துக் காற்றில், மெலிந்த காலில் நின்ற விலையுயர்ந்த ஸ்கோப் நடுங்கியதைப் பார்த்திருக்கிறேன். அதையே கனத்த காலில் மாற்றிப் பூட்டினோம். கொசு உள்ளானின் கறுத்த கால் தெளிவாகத் தெரிந்தது.

5. அவசரப்படாதே, நாலு பேரிடம் கேள். 1976இல் தொடங்கிய இலங்கைக் களப் பறவையியல் குழு போன்றவற்றின் ஆட்களோடு போய், அவர்களுடைய ஸ்கோப்பில் பார். வெயிலில் நிற்கும் வெள்ளைக் கொக்கின் விளிம்பில் ஊதா நிறம் படர்ந்தால் அந்த வில்லை மட்டம்.

6. பொருளைப் பேணு. இது உப்புக்காற்று ஊர். தூசியை ஊதிவிட்டுத் துடை. சேட்டு நுனியால் தேய்த்தால் கீறல் விழும். சிலிக்கா ஜெல் பையோடு மூடிவை, பூஞ்சணம் அண்டாது.

7. கண்டதை மட்டும் எழுது. கெண்டிஷ் உப்புக்கொத்தி என்றே எண்ணிவந்த நம் கரையோரப் பறவை 2023இல் அனுமான் உப்புக்கொத்தி என்று தனி இனமாயிற்று. பொறுமையாகப் பார்த்து நேர்மையாகக் குறித்தவர்களால்தான் இப்படிப்பட்ட அறிவு வளர்கிறது. ஐயம் இருந்தால் ‘இனம் தெரியவில்லை’ என்று எழுது, அதில் வெட்கமில்லை. இன்னும் கிட்டப் பார்க்கும் ஆசையில் கூட்டத்தைக் கலைக்காதே. பறவையை அதன் பாட்டுக்கு மேயவிட்டுப் பார்க்கத்தானே, பிள்ளை, இந்த ஸ்கோப்பையே வாங்குகிறாய்.