காப்வே நெசவாலையின் கதை

சீனா, இந்தியா, பிரேசில் முதலிய நாடுகள் ஆப்பிரிக்க நாடுகளுக்குக் கடனும் இயந்திரமும் வழங்கி வருவதை நாம் அறிவோம். இதனால் விளைவது நன்மையா, தீமையா என்பதற்கு ஒரு சொல்லில் விடை இல்லை. நெசவாளரும் பருத்தி விவசாயிகளுமாகிய நம் அங்கத்தினர்கள் ஆராய்வதற்கு ஜாம்பியா ஏற்ற உதாரணமாகும்.

கடற்கரையற்ற அந்நாட்டின் தாமிரம் வெளியேற வழியின்றித் தவித்த காலத்தில், மேனாட்டார் இலாபம் தராதென்று கைவிட்ட இருப்புப் பாதையை 1970 முதல் 1975 வரை சீனா அமைத்துக் கொடுத்தது. தான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகம் வரை 1,860 கிலோமீட்டர்! அக்கடனுக்கு வட்டியே இல்லை.

பின்னர், 1980-களின் தொடக்கத்தில், காப்வே நகரில் முலுங்குஷி நெசவாலையும் சீன உதவியால் எழுந்தது. அந்நாட்டுப் பருத்தி அந்நாட்டிலேயே துணியாயிற்று. பெண்டிர் இடையில் சுற்றும் 'சிட்டெங்கே' என்னும் அச்சுத்துணிக்கு அங்கே என்றும் கிராக்கி உண்டு.

1991-க்குப் பின் இறக்குமதிக்குக் கதவு திறக்கப்பட்டது. முதல் அடி சீனாவிலிருந்து விழவில்லை. மேனாட்டார் உடுத்திக் கழித்த உடைகள் மூட்டை மூட்டையாக வந்திறங்கின. அவற்றுக்கு 'சலாவுலா' என்று பெயர். குவியலைக் கிளறிப் பொறுக்குதல் என்று பெம்பா மொழியில் பொருள். வாங்கியவர்களைக் குறை கூறலாகாது. நம் வீட்டிலும் மலிவான துணியை வேண்டாமென்பார் யார்? ஆயினும் ஆலைத் தறிகள் ஓய்ந்தன.

1997-ல் ஒரு சீன நிறுவனம் ஜாம்பியாவுடன் கூட்டுச் சேர்ந்து ஆலையை மீண்டும் ஓட்டியது. அதற்குள் சீன ஆலைகளின் மலிவான துணிகளும் சந்தையை நிரப்பலாயின. 2007-ல் ஆலை மூடப்பட்டது. ஆலை தந்த நாடே அதன் துணிக்குப் போட்டியுமாயிற்று. இதில் வஞ்சகம் தேடுவது வீண்; உதவி செய்வோர் வேறு, சரக்கு விற்போர் வேறு.

பிற்காலக் கடன்கள் பழைய ரயில் கடன் போன்றவையல்ல. பல நாட்டாரிடமும் தனியாரிடமும் வட்டிக்கு வாங்கிய ஜாம்பியா 2020 நவம்பரில் தவணை தவறியது. 2023 ஜூனில் அயல்நாட்டு அரசாங்கங்கள் தவணையை நீட்டிக்க இசைந்த சுமார் 630 கோடி டாலரில் 400 கோடிக்கு மேல் சீனாவுக்குரியது. சங்கக் கணக்கைத் தணிக்கை செய்கையில் நான் முதலில் பார்ப்பது கடன் கொடுத்தவரின் பெயரையன்று, திருப்பிச் செலுத்துதற்குரிய வருமானம் எங்கே என்பதையே. ஆலை ஓடியிருப்பின் அவ்வருமானத்தில் ஒரு பங்கேனும் நாட்டிலேயே தங்கியிருக்கும்.

அந்நாட்டுச் சிறு விவசாயிகள் பலர் பருத்தி அரைவைக் கம்பெனிகளிடம் விதையும் மருந்தும் முன்கடனாகப் பெறுகின்றனர். அறுவடையின்போது அத்தொகை கழிக்கப்படுகிறது. அவர்களது பஞ்சில் பெரும்பகுதி பேலாகக் கட்டப்பட்டுக் கப்பலேறுகிறது.