ஓர் அணு குறைந்தால்

டிசம்பர், ஜனவரி மாதங்களில் வட இந்தியாவில் கடுங்குளிர். சிம்லா, ஸ்ரீநகர் போன்ற ஊர்களில் பனியே பெய்யும். தில்லியிலும் இரவில் உடம்பு வெடவெடக்கும். ஏழைகளின் ஒற்றை அறை வீடுகளில் குளிர்காய ஓர் இரும்புக் கும்முட்டி அடுப்பு இருக்கும். அங்கே அதை அங்கீட்டி என்பார்கள்.

மாலையில் அடுப்பை வாசலில் வைத்துக் கரியை மூட்டுவார்கள். புகை அடங்கும்வரை காத்திருப்பார்கள். கரி சிவந்து கனன்றதும் அடுப்பை உள்ளே கொண்டுவருவார்கள். கதவையும் ஜன்னலையும் சாத்துவார்கள். இடுக்குகளில் துணியைத் திணிப்பார்கள். பிள்ளைகளை அணைத்துக்கொண்டு படுப்பார்கள்.

காலையில் சில வீடுகளின் கதவு திறப்பதில்லை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் இப்படிப்பட்ட செய்தி வருகிறது.

புகைதான் இல்லையே! பிறகு எது கொன்றது?

ஒரு கரித்துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். உடைத்தால் சிறு துண்டு. இடித்தால் பொடி. பொடியையும் பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் மிகச் சிறிய துகள் ஒன்று வரும். அதுதான் கார்பன் அணு. கண்ணுக்குத் தெரியாது. ஒரு கடுகின் அகலத்துக்கு அதை வரிசையாக அடுக்க ஏறத்தாழ ஒரு கோடி அணுக்கள் வேண்டும்.

காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அதற்கும் அணு உண்டு. ஆனால் அது தனியாக இருக்காது. இரண்டிரண்டாகச் சேர்ந்தே திரியும். இப்படி அணுக்கள் சேர்ந்திருப்பது மூலக்கூறு. அவற்றைச் சேர்த்து வைத்திருக்கும் பிடிக்குப் பிணைப்பு என்று பெயர்.

பிடி எப்படி உண்டாகிறது? அணுவுக்குள் எலெக்ட்ரான் என்னும் நுண்துகள்கள் உள்ளன. வெளிச்சுற்றில் உள்ள சில எலெக்ட்ரான்களை இரண்டு அணுக்கள் பொதுவில் வைத்துக்கொள்கின்றன. ஒரே நுகத்தடியில் பூட்டிய இரண்டு மாடுகள் போல. நுகம் இரண்டுக்கும் பொது. ஒன்று நகர்ந்தால் மற்றதும் கூடவே போகும்.

கரி எரியும்போது பழைய பிணைப்புகள் அறுந்து புதியவை உண்டாகின்றன. அதில் வரும் சூட்டில்தான் குளிர்காய்கிறோம். காற்று தாராளமாக இருந்தால் ஒரு கார்பன் அணுவுடன் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் சேரும். இது கார்பன் டை ஆக்சைடு. சோடாவில் பொங்குவது இதுதான். காற்று போதாவிட்டால் ஒரு கார்பனுக்கு ஒரே ஓர் ஆக்சிஜன்தான் கிடைக்கும். இது கார்பன் மோனாக்சைடு. ஓர் அணுதான் குறைவு. ஆனால் முற்றிலும் வேறு பொருள்.

இன்னொரு வழியும் உண்டு. கனலின் அடியில் உண்டான கார்பன் டை ஆக்சைடு மேலே ஏறும்போது சிவந்த கரியின்மேல் படுகிறது. கரி அதனிடமிருந்து ஓர் ஆக்சிஜன் அணுவைப் பறித்துக்கொள்கிறது. பறித்ததும் கார்பன் மோனாக்சைடு ஆகிறது, பறிகொடுத்ததும் கார்பன் மோனாக்சைடு ஆகிறது. புகை அடங்கிய செங்கனல்தான் நல்ல கனல் என்று நினைத்தோம் அல்லவா? இந்த வாயு அதிலிருந்து வந்துகொண்டே இருக்கும். புகையாவது கண்ணை எரித்து ஆளை வெளியே துரத்தும். ஒரு வகையில் புகை நல்ல காவல்காரன். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

நம் இரத்தத்தில் ஹீமோகுளோபின் என்னும் பெரிய மூலக்கூறு இருக்கிறது. ஒவ்வொன்றிலும் 4 இரும்பு அணுக்கள். அவை பேருந்து இருக்கைகள் போன்றவை. நுரையீரலில் ஆக்சிஜன் ஏறி உட்காரும். மூளை, இதயம், கை, கால் என்று தேவைப்படும் இடத்தில் இறங்கிவிடும். பிடி லேசாக இருப்பதால்தான் இறங்க முடிகிறது. கார்பன் மோனாக்சைடோ அதே இருக்கையை 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பற்றும். லேசில் இறங்காது. பேருந்து ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆக்சிஜன் ஏற இடம் இருக்காது.

முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வரும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. தூக்கத்திலேயே நினைவு போய்விடும். வீட்டில் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் தலைவலி வந்து, வெளியே போனால் குறைகிறதா? உடனே சந்தேகப்பட வேண்டும். காற்றுப்போக்கு இல்லாத குளியலறையில் எரியும் கேஸ் கீசரும் இதே வாயுவை விடக்கூடும்.

அறையில் ஒரு வாளி தண்ணீர் வைத்தால் வாயுவை இழுத்துக்கொள்ளும் என்று நம்பக் கூடாது. இது தண்ணீரில் கரைவது மிகக் குறைவு. படுக்கும் முன் கனலை வெளியே வைத்துவிட வேண்டும். விழித்திருந்து குளிர்காயும்போதும் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். குளிர் வரத்தான் செய்யும். போர்வையைச் சேர்த்துப் போர்த்திக்கொள்ளலாம்.

யாராவது மயங்கிக் கிடந்தால் கதவு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, ஆளை வெளியே திறந்த வெளிக்குத் தூக்கி வர வேண்டும். நல்ல காற்றில் இருந்தாலும் இரத்தத்தில் ஏறிய வாயுவில் பாதி வெளியேற 4 முதல் 5 மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதி போய்விடும். அதனால் கண் விழித்து "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் அழைத்துப் போக வேண்டும். மூடிய அறையில் கரி எரிந்தது என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வெறும் தலைவலி என்று சொன்னால் அவருக்கும் இது தோன்றாமல் போகலாம்.