வண்டியா? ஓட்டுபவரா?

விற்பனை குறைந்தால் கடைப் பையன் மேல் பாய்கிறோம். குறை சரக்கிலா, ஆளிலா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் இதற்கு நல்ல பாடம் உண்டு.

1988-ல் மெக்லாரன் கார் 16 பந்தயங்களில் 15-ஐ வென்றது. பிரேசில் நாட்டு அயர்டன் சென்னா 8, பிரான்ஸ் நாட்டு அலென் புரோஸ்ட் 7. இது வண்டியின் பலம். ஆனால் அவ்வாண்டு மொனாக்கோ தகுதிச் சுற்றில், அதே வகைக் காரில் புரோஸ்ட்டை விட சென்னா சுமார் 1.4 விநாடி முந்தினார். இது கைத்திறன். வண்டி ஒன்றாக இருந்தால்தான் ஆளின் திறமை தெரியும்.

1993-ல் வில்லியம்ஸ் கார்தான் உயர்ந்தது. டோனிங்டன் மழையில் சென்னா முதல் சுற்றிலேயே ஐந்தாமிடத்திலிருந்து முதலிடம் பிடித்து வென்றார். ஆனாலும் ஆண்டுப் பட்டம் வில்லியம்ஸ் ஓட்டிய புரோஸ்ட்டுக்கே. ஒரு நாளைத் திறமை வென்றது. ஆண்டுக் கணக்கை வண்டி வென்றது.

ஜென்சன் பட்டன் 2008-ல் ஹோண்டா காரில் எடுத்தது 3 புள்ளிகள். ஹோண்டா விலகியபின், அதே அணி 2009-ல் பிரான் என்ற பெயரில் புதுக் கார் இறக்கியது. முதல் 7 பந்தயங்களில் 6-ஐ வென்று, உலகச் சாம்பியனும் ஆனார். ஆள் மாறவில்லை. அதே வகைக் காரில் பாரிக்கெல்லோ அவ்வாண்டு வென்றது 2 பந்தயங்கள்தான்.

நமக்குச் சரக்கும் கடையிருக்கும் இடமும் வண்டி, விற்பவர் ஓட்டுநர். பழைய துவரம்பருப்பு தேங்கியதற்கு ஒரு நல்ல பையனைத் திட்டி அனுப்பினேன். அடுத்து வந்தவனிடமும் அது நகரவில்லை. தவறு என் கொள்முதலில்!

ஒரே சரக்கை இருவரிடம் கொடுத்துப் பாருங்கள். ஒருவரிடம் மட்டும் தேங்கினால் ஆளைத் திருத்துங்கள். இருவரிடமும் தேங்கினால் கொள்முதலைத் திருத்துங்கள்.