சட்டம் அறிவோம்: குடித்தவர் நோயாளியை ஏற்றிப் போகலாமா?

"குடிச்சிட்டு ஆட்டோ ஓட்டினது தப்புத்தான். ஆனா உயிர் போற நேரம். கோர்ட்ல இதைச் சொன்னா விடுவாங்களா?"

சொல்லலாம். ஆனால் லேசில் விடமாட்டார்கள்.

மது அருந்திவிட்டு வீதியில் வாகனம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 151ஆம் பிரிவின்படி குற்றம். தண்டப்பணம், மறியல் வரலாம். லைசென்ஸும் பறிபோகலாம்.

அதே வேளை, 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை 74ஆம் பிரிவில் ஒரு சிறு வாசல் வைத்திருக்கிறது. வேறொரு கேட்டைத் தடுப்பதற்காக, கெட்ட எண்ணமில்லாமல், நல்லெண்ணத்தோடு செய்தது குற்றமாகாது. பெருந்தீ பரவாதிருக்க வீடுகளை இடிப்பவரை அந்தப் பிரிவே உதாரணம் காட்டுகிறது. லயத்தில் தீப்பிடித்தால் பக்கத்துக் காம்பிராக் கூரையைப் பிரிக்கிறோமே, அதுபோலத்தான்.

ஆனால் ஆபத்து அவ்வளவு பெரிதா, அவ்வளவு கிட்ட வந்துவிட்டதா என்று நீதவான் பார்ப்பார். அதை நிரூபிக்கும் பொறுப்பு, சாட்சியக் கட்டளைச் சட்டம் 105ஆம் பிரிவின்படி, நம்முடையது. வேறு வழி இருந்திருந்தால் நம் பேச்சு எடுபடுவது கஷ்டம்.

1977 கலவரத்துக்குப் பிறகு நம் சொந்தபந்தங்கள் சிலர் கிழக்கிலும் குடியேறினார்கள். அந்தப் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலையில், ராத்திரி ஒருவரைப் பாம்பு கடிக்கிறது. முன்பென்றால் வாவியைக் கடக்க மண்முனைத் துறையில் பாதைக்குக் காத்திருக்க வேண்டும். 2014இல் அங்கே பாலம் வந்துவிட்டது. மகிழடித்தீவு வைத்தியசாலை இக்கரையிலேயே இருக்கிறது. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 இலவச அம்புலன்ஸ், பின்னர் நாடு முழுவதற்கும் வந்தது. ஆகவே நீதவானின் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: "1990க்கு அடித்தீரா? குடிக்காத ஆள் யாருமே இல்லையா?"

இங்கிலாந்தில் இப்படி இரண்டு வழக்குகள் நடந்தன. இரண்டிலும் குடித்திருந்தவர்கள் அடிக்க வந்தவர்களுக்குப் பயந்து காரில் தப்பினார்கள். கொஞ்சத் தூரத்தோடு நிறுத்தியவருக்கு விடுதலை கிடைத்தது. துரத்துகிறார்களா என்றுகூடப் பாராமல் வீடுவரை ஓட்டியவருக்குக் கிடைக்கவில்லை. ஆபத்து முடிந்த இடத்தில் சாட்டும் முடிகிறது. நோயாளியை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, அதே வெறியில் வீட்டுக்கு ஓட்டி வந்தால், அந்தப் பயணத்துக்குச் சாட்டே இல்லை.

கவனிக்க வேண்டியவை:

1. முதலில் 1990க்கு அடியுங்கள். அடித்த நேரம் போனில் பதிவாகியிருக்கும், அழிக்காதீர்கள்.
2. அக்கம்பக்கத்தில் குடிக்காத ஓட்டுநரைத் தேடுங்கள். யாரைக் கேட்டீர்களோ அவர்தான் உங்கள் சாட்சி.
3. பொலிஸ் மறித்தால் ஓடாதீர்கள். நோயாளியைக் காட்டி, கொண்டுபோக உதவி கேளுங்கள். ஊதச் சொன்னால் ஊதுங்கள்.
4. ஆஸ்பத்திரித் துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.
5. வழக்கு வந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வாதாடுவார்கள்.

வெறியில் ஓட்டுபவர் நோயாளியையும் பள்ளத்தில் தள்ளக்கூடும். சம்பள நாளிலும் திருவிழாவிலும், இன்று ராத்திரி குடிக்காமல் இருக்கப்போகும் ஓட்டுநர் யார் என்று லயத்திலே முன்கூட்டியே பேசி வையுங்கள். அவருடைய நம்பர் ஒவ்வொரு காம்பிராவிலும் இருக்கட்டும்.