விழுந்த கடிகாரமும் நோன்பு திறக்கும் நேரமும்



கைக்கடிகாரம் கை தவறிக் கீழே விழுவது அன்றாடம் நடப்பது. இதைப் பற்றி மார்க்கப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்று திருக்குர்ஆனின் அன்னிஸா அத்தியாயம் 103ஆம் வசனம் அறிவிக்கிறது. நோன்பின் தொடக்கமும் முடிவும் நேரத்தைச் சார்ந்தவையே. ஒரு வீட்டில் நேரம் பார்க்கும் கருவி பழுதானால், அவ்வீட்டாரின் இபாதத்தும் அதனால் பாதிக்கப்படும். ஆகவே இதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய மஸ்அலாக்கள் உண்டு.

தமிழ்நாட்டின் வட எல்லையில், கும்மிடிப்பூண்டியைத் தாண்டி, பழவேற்காடு ஏரிக்கு மேற்கே ஆரம்பாக்கம் இருக்கிறது. அங்கே இறால் வாங்கி விற்கும் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக் கொள்வோம். காலஞ்சென்ற பாட்டனார் கட்டியிருந்த எச்.எம்.டி. கடிகாரம் அவ்வீட்டின் பொக்கிஷம். 1961ஆம் ஆண்டு ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் செய்யத் தொடங்கிய கடிகாரம் அது. அந்தக் கடிகார நிறுவனம் 2016இல் மூடப்பட்டதால், பழைய மாதிரிகளுக்கு உதிரிப் பாகங்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ரமலான் மாதத்தில் ஒரு காலைப் பொழுது பத்து வயதுப் பேத்தி அதை எடுத்துப் பார்க்கிறாள். கை நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுகிறது. கண்ணாடி உடையவில்லை. காதில் வைத்துப் பார்க்கிறாள், ஓடுகிறது. அடி விழுமே என்று அஞ்சி, ஒருவரிடமும் சொல்லாமல் பழைய ஆணியிலேயே மாட்டிவிடுகிறாள். மாலையில் வீடே அந்தக் கடிகாரத்தைப் பார்த்து நோன்பு திறக்கிறது.

இந்நிலையில் கவனிக்க வேண்டியவை என்ன?

ஓடுகிறது என்பதால் சரியாகிவிடாது

சாவி கொடுக்கும் கடிகாரத்தின் உள்ளே பேலன்ஸ் வீல் என்னும் சிறு சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே இருக்கும். பழைய கடிகாரங்கள் பலவற்றில் இது மணிக்கு 18,000 முறை, அதாவது விநாடிக்கு 5 முறை துடிக்கும். ஒரு நாளைக்கு 4,32,000 துடிப்பு ஆகிறது. அந்தச் சக்கரத்தின் அச்சு முனை மயிரிழை போல் மெல்லியது. அதை ஆட்டுவிப்பது ஹேர்ஸ்பிரிங் என்னும் சுருள். கடிகாரம் விழும்போது அச்சு முனை வளைந்தால் ஓட்டம் தளர்ந்து நேரம் பிந்தும், அல்லது நின்று நின்று ஓடும். சுருளின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் சக்கரம் வேகமாக ஆடி நேரம் முந்திவிடும்.

பாட்டரியால் ஓடும் கடிகாரமும் விதிவிலக்கல்ல. அதிர்ச்சியில் முள் தளர்ந்து இடம் மாறக்கூடும். அதிர்ச்சி தாங்கும் கடிகாரம் என்று எழுதியிருந்தாலும், அதற்கான உலகத் தரச் சோதனை 1 மீட்டர் உயரத்திலிருந்து கட்டை மரத்தில் விழும் அடிக்கு இணையானதுதான். சிமெண்டுத் தரைக்கும் கருங்கல் படிக்கும் அந்த உறுதி பொருந்தாது.

நின்றுபோன கடிகாரம் ஆளை ஏமாற்றாது. அதைப் பார்த்தவுடனே பழுது தெரிந்துவிடும். ஓடிக்கொண்டே ஐந்து நிமிடம் முந்திக் காட்டும் கடிகாரம்தான் நோன்பைக் கெடுக்கும்.

நோன்பின் சட்டம் என்ன?

சூரியன் மறைந்துவிட்டது என்று எண்ணி நோன்பு திறந்தபின், மறையவில்லை என்று தெரிய வந்தால், அந்த நோன்பைக் களாச் செய்ய வேண்டும் என்பதே ஹனஃபி, ஷாஃபிஈ உள்ளிட்ட நான்கு மத்ஹபுகளின் தீர்ப்பு. கஃப்பாரா இல்லை. மீதி நேரம் உண்ணாமல் பருகாமல் இருக்க வேண்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்திலேயே ஒரு மேகமூட்ட நாளில் நோன்பு திறந்துவிட, பிறகு சூரியன் வெளிப்பட்டது என்ற செய்தியை அபூபக்ர் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி) அறிவிப்பதாக ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. ஆகவே முயன்று பார்த்தும் தவறிவிட்டால் குற்றமில்லை, களா மட்டுமே உண்டு.

தொழுகையும் இவ்வாறே. வக்து வருமுன் தொழுதது பர்ளாக நிறைவேறாது. தெரிந்தவுடன் மீண்டும் தொழ வேண்டும்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். என்றும் சரியாக ஓடிய கடிகாரத்தை நம்பியவர் தம்மால் ஆன முயற்சியைச் செய்தவர். விழுந்தது தெரிந்தும் சரிபார்க்காமல் நம்பியவரோ அலட்சியம் செய்தவர். இரண்டு பேருக்கும் களா ஒன்றுதான். ஆனால் அல்லாஹ்விடத்தில் இருவரும் ஒன்றல்லர்.

ஏசினால் மறைப்பார்கள்

நம் கதையில் அச்சிறுமி ஏன் மறைத்தாள்? சொன்னால் ஏச்சும் அடியும் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். பொருள் உடைந்தால் வீடு அதிரும்படி கத்தும் வழக்கம் உள்ள வீட்டில், பிள்ளைகள் உடைப்பதை நிறுத்துவதில்லை, சொல்வதைத்தான் நிறுத்துகிறார்கள். கடைசியில் பாட்டனார் கடிகாரமும் பழுது, வீட்டார் அனைவரின் நோன்பும் களா.

சிறுவராக இருந்தபோதே வந்து சேர்ந்த அனஸ் (ரலி) அவர்கள் பத்தாண்டுகள் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். அத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட நபியவர்கள் சலிப்புச் சொல் சொன்னதில்லை, ஏன் இப்படிச் செய்தாய் என்று கடிந்ததும் இல்லை என்று அவர்களே அறிவிக்கிறார்கள். பத்தாண்டுகளில் ஒரு பிள்ளையின் கையிலிருந்து எத்தனை பொருள் விழுந்திருக்கும்! பெற்றோர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

பெரியவர்களுக்கும் ஒரு சொல். கடிகாரம் விழுந்தபின், கழற்றாமல் இருந்திருந்தால் விழுந்திருக்காதே, உள்ளே வைத்திருந்தால் தப்பியிருக்குமே என்று மனம் அரித்துக்கொண்டே இருக்கும். நடந்துவிட்டதைப் பற்றி இப்படி 'இருந்தால், இருந்திருந்தால்' என்று புலம்புவது ஷைத்தானின் வேலைக்குக் கதவைத் திறந்துவிடும் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள ஹதீஸின் கருத்து. அதே ஹதீஸ், பயன் தருவதில் முனைந்து ஈடுபடுமாறும் ஏவுகிறது. விழுந்த கடிகாரத்தின் விஷயத்தில் பயன் தருவது சரிபார்ப்பதும் பழுது நீக்குவதுமே.

பிறர் கடிகாரமானால்

விழுந்தது இரவல் வாங்கிய கடிகாரமாக இருந்தால் ஈடு கொடுக்க வேண்டுமா? ஷாஃபிஈ மத்ஹபில், அலட்சியம் இல்லாவிட்டாலும் இரவல் வாங்கியவர் பொறுப்பாளி. ஹனஃபி மத்ஹபில் இரவல் பொருள் அமானத்தைப் போன்றது. வரம்பு மீறியோ அலட்சியமாகவோ நடந்திருந்தால்தான் ஈடு கடமையாகும். பாதுகாக்கச் சொல்லி ஒப்படைத்த அமானத் கவனத்தோடு வைத்தும் சேதமானால் இரண்டு மத்ஹபிலும் ஈடு இல்லை. ஈடு என்பது சேதத்தால் சந்தை விலையில் குறைந்த தொகை. தகப்பனார் நினைவு என்பதற்காக உடையவர் கூடுதலாகக் கேட்க முடியாது.

ஈடு கடமையோ இல்லையோ, விழுந்ததைச் சொல்லிவிடுவது கடமை. மறைத்துத் திருப்பிக் கொடுத்தால், அவர் அதை நம்பித் தொழுவார், நோன்பு திறப்பார். மோதினாரின் கடிகாரமானால் ஊரே அதை நம்பும்.

எப்படிச் சரிபார்ப்பது?

கைப்பேசி உள்ள இக்காலத்தில் இது ஒரு நிமிட வேலை. விழுந்தவுடன் ஒருமுறை ஒப்பிட்டால் மட்டும் போதாது. அப்போது சரியாகவே காட்டும். பிழை போகப் போகத்தான் கூடும். ஆகவே ஆறு மணி நேரம் கழித்தும், மறுநாளும் ஒப்பிடுங்கள். அதுவரை அந்தக் கடிகாரத்தை நம்பி நோன்பு திறக்காதீர்கள்.

கீழே விழாத கடிகாரம் ஒன்றும் நமக்கு உண்டு. அது சூரியன். பழவேற்காட்டுப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் அறிவதற்கென்று நம் முன்னோர் வைத்த நிழல் கடிகாரம் இருக்கிறது. நம் வீட்டு முற்றத்திலும் இதைச் செய்யலாம். சமதரையில் ஒரு குச்சியை நேராக நட்டு, அதைச் சுற்றி வட்டம் வரையுங்கள். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும், பிற்பகலில் மீண்டும் தொடும் இடத்தையும் குறியுங்கள். இரண்டுக்கும் நடுவிலிருந்து குச்சிக்கு ஒரு கோடு இழுங்கள். மறுநாள் நிழல் அக்கோட்டில் விழும்போது நண்பகல். அதைக் கடந்து சாய்ந்ததும் லுஹர் வக்து. அரபு நூல்களில் இதற்கு 'இந்திய வட்டம்' என்றே பெயர்.

நண்பகல் என்றால் 12 மணி என்று நினைத்துவிடக் கூடாது. ஆரம்பாக்கம் பகுதியில் அது நவம்பர் முதல் வாரத்தில் ஏறத்தாழ 11.53க்கும், பிப்ரவரி நடுவில் ஏறத்தாழ 12.24க்கும் நிகழும். ஆகவே அன்றைய தேதிக்குரிய கால அட்டவணையோடுதான் ஒப்பிட வேண்டும்.

மஃரிபுக்கும் அடையாளம் உண்டு. கிழக்கிலிருந்து இருள் முன்னேறி, மேற்கில் பகல் பின்வாங்கி, சூரியன் மறைந்தால் நோன்பு திறக்கும் நேரம் வந்துவிட்டது என்பது ஹதீஸின் கருத்து. ஆரம்பாக்கத்தில் மேற்கே நிலப்பகுதி. சூரியன் மரங்களுக்குப் பின்னால் போனதை மறைந்ததாகக் கருதக் கூடாது. கிழக்கே ஏரியின் மேல் இருள் எழுவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மறைந்தது உறுதியானபின் வீண் சந்தேகத்தால் தாமதிப்பதும் ஸுன்னத்துக்கு மாறானது.

இன்னொன்று. ஒளுச் செய்யக் கழற்றி ஹவுளின் விளிம்பில் வைக்கும்போதுதான் கடிகாரங்கள் அதிகம் விழுகின்றன. பட்டை தளர்வாக இருந்தால் அதை நகர்த்தி, அடியில் தண்ணீர் படும்படி கழுவினாலே போதும். இறுக்கமானால் கழற்றி, சட்டைப் பையில் வைக்காமல் ஒருவர் கையில் கொடுங்கள். சட்டைப் பையிலிருந்து ருகூவில் விழும்.

இன்று இரவே உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: இவ்வீட்டில் எது விழுந்தாலும் வந்து சொல்லலாம், அடிக்க மாட்டோம். சொன்னபடி நடந்தும் காட்டுங்கள்.

அல்லாஹுத்தஆலா நம் இபாதத்துகளை அவற்றின் நேரத்தில் நிறைவேற்றவும், நம் வீட்டாரிடம் மென்மையாக நடக்கவும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.